விடியும் வரை தாங்குமா?

மாசி மாதத்து இரவு. கித்துல்கலவுக்கு மேலே, ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் ஒரு தோட்டம். காமன் கூத்துக்காகக் காமன் பொட்டலில் நெருப்பு மூட்டித் தப்பு காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். தோல் சூடேறியதா என்று விரலால் தட்டிப் பார்த்து, போதாதென்று மறுபடியும் தணலில் காட்டினார் ஒரு பெரியவர். அந்த வெளிச்சத்தில் மேட்டு லயத்துப் பிள்ளை ஒருத்தி போனை நீட்டியபடி என்னிடம் வந்தாள்.

"மாமா, இதுல எந்த செட்டிங் போட்டா விடியிற வரைக்கும் சார்ஜ் நிக்கும்?"

அவளுடைய தம்பி அன்றைக்கு ரதி வேஷம் கட்டியிருந்தான். அம்மா வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போய் மூன்று வருஷம். மகன் ரதியாக ஆடுவதைப் பார்த்தே ஆகவேண்டும் என்று சொல்லியிருந்தார். பின்னேரம் அடித்த மழையில் லயத்துக்கு வந்த கரண்டும் போய்விட்டது. போனில் இருந்தது 74 சதவீதம்; பவர் பேங்க் இல்லை. கூட்டாளி ஒருத்தி "எச்.265ல போட்டா சார்ஜ் மிச்சம்" என்று சொல்லியிருக்கிறாள். பெரியம்மா மகனோ "அது போனைச் சூடாக்கிடும், தொடாதே" என்றிருக்கிறான். எச்.265 என்பது வீடியோவைச் சுருக்கி எழுதும் ஒரு முறை. யார் சொல்வது சரி?

இருவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் சார்ஜ் கரையும் இடம் இருவரும் காட்டிய இடமல்ல.

முதலில் கையிருப்பைக் கணக்கிடுவோம். 4000 மில்லி ஆம்பியர் மணி என்று எழுதியிருக்கும் ஒரு பேட்டரியின் சராசரி அழுத்தம் 3.85 வோல்ட். பெருக்கினால் 15 வாட் மணிக்குக் கொஞ்சம் மேல். அம்மா பாவித்துவிட்டுக் கொடுத்த பழைய போன் என்பதால், அதில் ஐந்தில் ஒரு பங்கு தேய்ந்துபோயிருக்கும் என்று வைத்துக்கொள்வோம்; மிஞ்சுவது 12. அதில் 74 சதவீதம் ஏறத்தாழ 9 வாட் மணி. படம்பிடிக்கும்போது போன் 3 வாட் இழுத்தால் மூன்று மணித்தியாலம் ஓடும். 2 வாட்டுக்குக் குறைத்தால் நாலரை மணித்தியாலம். கூத்தோ விடிய விடிய நடக்கும். எந்த செட்டிங் போட்டாலும் முழு இரவையும் பிடிக்க முடியாது. ஆனால் மூன்றுக்கும் நாலரைக்கும் நடுவில் இருக்கும் ஒன்றரை மணித்தியாலத்தில் ரதியின் புலம்பல் முழுவதும் அடங்கிவிடும்.

அந்த ஒரு வாட் எங்கே போகிறது?

கமராவின் கண் ஒளியைப் புள்ளி புள்ளியாக எண்ணுகிறது. 720பி என்றால் ஒரு ஃபிரேமில் 9 லட்சத்துச் சொச்சம் புள்ளிகள். 1080பி என்றால் 20 லட்சத்து 73 ஆயிரம். 4கே என்றால் 82 லட்சத்து 94 ஆயிரம், அதாவது 1080பியைப் போல சரியாக நான்கு மடங்கு. ஒரு வினாடிக்கு 30 ஃபிரேம் வைத்தால் 1080பியில் 6 கோடி 22 லட்சம் புள்ளிகள் ஓடுகின்றன. 4கேயில் 60 ஃபிரேம் வைத்தால் வினாடிக்கு 49 கோடி 76 லட்சம், எட்டு மடங்கு. ஒவ்வொரு புள்ளியும் கண்ணிலிருந்து வந்து, நிறம் திருத்தப்பட்டு, இரைச்சல் நீக்கப்பட்டு, கைநடுக்கம் சரிசெய்யப்பட்டு, நினைவகத்தில் எழுதப்பட்டு, மறுபடி வாசிக்கப்பட்டு, சுருக்கப்பட்டுத்தான் கோப்பில் போய்ச் சேர்கிறது. கொழுந்து மடுவத்தில் நிறுக்க வரும் கூடைகள் எட்டு மடங்கானால் தராசுக்காரர் படும் பாடுதான் இதுவும்.

இதில் அதிகம் பேர் நினைத்துப் பார்க்காத செலவு ஒன்று உண்டு. கணக்குப் போடுவது மலிவு. கணக்குக்கு வேண்டிய எண்ணைத் தூக்கிக்கொண்டு வருவதுதான் விலை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் ஹோரோவிட்ஸ் 2014இல் இதை அளவுகளோடு எடுத்துக்காட்டினார். இரண்டு எண்களைக் கூட்டுவதற்குச் சில்லுக்கு ஆகும் ஆற்றலைவிட, சில்லுக்கு வெளியே இருக்கும் நினைவகத்திலிருந்து ஓர் எண்ணை எடுத்துவர ஆகும் ஆற்றல் ஆயிரம் மடங்குக்கும் மேல். வீடியோ என்பதே இப்படி ஓயாமல் தூக்கிச் சுமக்கும் வேலை. சுருக்காத 1080பி ஃபிரேம் ஒன்று ஏறத்தாழ 3.1 மெகாபைட், வினாடிக்கு 30 என்றால் 93 மெகாபைட். 4கே, 60 ஃபிரேமில் அது வினாடிக்கு 746 மெகாபைட். அதையும் ஒரு தடவை அல்ல, பல தடவை ஏற்றி இறக்க வேண்டும். போன் கொதிப்பதற்குப் பெருங்காரணம் இந்தச் சுமைதான்.

சுருக்கும் வேலைக்கு வருவோம். வினாடிக்கு 93 மெகாபைட் என்றால் நிமிடத்துக்கு 5600 மெகாபைட். ஆனால் ஐபோனில் எச்.265 முறையில் 1080பி, 30 ஃபிரேமில் எடுத்த ஒரு நிமிடப் படம் ஏறத்தாழ 60 மெகாபைட்தான் வருகிறது. தொண்ணூறில் ஒரு பங்கு. மீதி எங்கே போனது?

கித்துல்கல ஆற்றங்கரையில் நின்றால் இதைக் கண்ணாலேயே காணலாம். கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் சேர்ந்து களனியாகி வரும் அந்த ஆற்றுக்கு அந்தப் பக்கம் காடு நிற்கிறது. போனைப் பாறைமேல் சாய்த்துவைத்து எடுத்தால், அந்தக் காடு இந்த ஃபிரேமிலும் அப்படியே, அடுத்த ஃபிரேமிலும் அப்படியே. "முன்பு எழுதியதுதான்" என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும். ரப்பர் படகு ஒன்று இடமிருந்து வலமாகப் போனால், "அந்தச் சதுரம் இவ்வளவு தள்ளிப் போயிற்று" என்று இன்னொரு வரி. ஆனால் பாறையில் மோதிச் சிதறும் வெள்ளை நுரைக்கு நேற்றுமில்லை, நாளையுமில்லை. ஒரு ஃபிரேமில் இருந்த துளி அடுத்ததில் இல்லை. முன்கூட்டி ஊகிக்க வழியே இல்லாததால் ஒவ்வொன்றையும் புதிதாக எழுத வேண்டும். படகோட்ட வந்தவர்கள் எடுத்த வீடியோவில் காடு தெளிவாகவும் நுரை கட்டங்கட்டமாகவும் தெரிவதற்கு இதுவே காரணம். கமராவில் கோளாறு இல்லை.

ஊகித்ததுபோக மிஞ்சும் வித்தியாசத்தைச் சுருக்கும் கலைக்கு அடித்தளம் போட்டவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. அவரும் டி. நடராஜனும் கே. ஆர். ராவும் சேர்ந்து 1974இல் வெளியிட்ட கட்டுரைதான் கொசைன் உருமாற்றத்தை உலகுக்குத் தந்தது. ஒரு சிறு சதுரப் படத்துண்டை நிதானமான தாளங்களும் பொடித் தாளங்களும் சேர்ந்த கலவையாகப் பிரித்துப் பார்க்கிறது அது. பெரிய தாளத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தட்டாத பொடித் தாளத்தைக் கழித்துவிடலாம். அந்தக் காமன் பொட்டலில் படம் பிடித்த எந்தப் போனும் அந்த மூவரின் கணக்கைப் போடாமல் ஒரு ஃபிரேமைக்கூட எழுதியிருக்காது. நம் பாடப்புத்தகங்களில் இந்தப் பெயர்கள் இன்னும் பெரிய எழுத்தில் வரவேண்டும் என்பது என் ஆசை.

2003இல் வந்த எச்.264, 2013இல் வந்த எச்.265 இரண்டுமே இதே வழியில் நடப்பவை. பின்னது அதிகம் தேடும். எச்.264 பார்க்கும் பெரிய சதுரம் 16க்கு 16 புள்ளி, எச்.265 தேவையானால் 64க்கு 64 புள்ளிச் சதுரத்தை ஒரே வீச்சில் எடுக்கும். ஒரு சிறு துண்டைப் பக்கத்துத் துண்டிலிருந்து ஊகிக்க முன்னதற்கு 9 வழி, பின்னதற்கு 35. இவ்வளவு தேடுவதால், அதே தெளிவை ஏறத்தாழப் பாதிக் கோப்பில் அடைக்க முடிகிறது. எச்.264இல் நிமிடத்துக்கு 130 மெகாபைட் வரும் 1080பி படம் 60க்கு இறங்குவது இப்படித்தான்.

தேடல் அதிகமென்றால் சார்ஜும் அதிகம் போகத்தானே வேண்டும்? பெரியம்மா மகன் சொன்னது அந்த நியாயம்தான். பொது வேலைச் செயலியிடம் இதைக் கொடுத்தால் அவன் சொன்னபடியே நடக்கும். ஆனால் போன் சில்லுக்குள் வீடியோ சுருக்குவதற்கென்றே தனியாக ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்கு வேறு வேலை தெரியாது. தெரிந்த ஒன்றை மிகக் குறைந்த ஆற்றலில் முடித்துவிடும். எனவே எச்.264க்கும் எச்.265க்கும் நடுவே படம்பிடிக்கும் நேரத்தில் வரும் வித்தியாசம், கண், நினைவகம், திரை ஆகியவை குடிப்பதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிறியது. பிள்ளையிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "ஃபார்மட் பேரைப் பாக்காத. எத்தன புள்ளி, எத்தன ஃபிரேம்னு பாரு."

ஃபிரேம் என்றதும் கித்துல்கலவிலேயே ஒரு பழைய சாட்சி இருக்கிறது. டேவிட் லீன் இயக்கிய 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படத்துக்காக இந்த ஆற்றின்மேல்தான் மரப்பாலம் கட்டினார்கள். முதல் நாள் பாலத்தைத் தகர்க்கும் வேளையில் கமராக்காரர் ஒருவர் நேரத்துக்கு ஒதுங்கவில்லை. வெடி வெடிக்காமலே ரயில் பாலத்தைக் கடந்துபோய் அக்கரையில் மின்பிறப்பாக்கியில் மோதியது. ரயிலைச் சரிசெய்து, மறுநாள், 1957 மார்ச்சில், பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க பார்த்துக்கொண்டிருக்க, பாலம் வெடித்துச் சரிந்தது. ஏழு ஆஸ்கார் விருதுகள் வாங்கிய அந்தப் படம் திரையில் ஓடியது வினாடிக்கு 24 ஃபிரேமில். தியேட்டரில் உட்கார்ந்து பார்த்த யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை. பிலிம் சுருளை அடி அடியாக எண்ணிச் செலவழித்த அந்தக் காலத்துக் கட்டுப்பாட்டை, சார்ஜை சதவீதம் சதவீதமாக எண்ணும் நாமும் எடுத்துக்கொள்ளலாம். படகு பாய்வதை மெதுவாக ஓட்டிப் பார்க்கவேண்டுமென்றால் 60 ஃபிரேமுக்கு வேலையுண்டு. கூத்துக்கு 30 தாராளம். 24 இருந்தால் அதுவும் போதும்.

இரவில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. 60 ஃபிரேம் வைத்தால் ஒவ்வொரு ஃபிரேமும் ஒளி வாங்க அதிகபட்சம் அறுபதில் ஒரு வினாடிதான் கிடைக்கும். தீப்பந்த வெளிச்சத்தில் அது போதாது. போதாத ஒளியைப் போன் பெருக்கிக் காட்டும்போது கருவானத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் துடிக்கும். அந்த மணலும் ஆற்று நுரையைப் போல ஊகிக்க முடியாதது. சுருக்கும் மூலை, கூத்தில் வரும் வீரபத்திரன் முகத்துக்குச் செலவழிக்கவேண்டிய பைட்டுகளை அந்த மணலில் கொட்டிவிடும். 4கே வைத்தால் மணலைத்தான் நான்கு மடங்கு தெளிவாக எழுதும். ஆகவே இரவுக் கூத்துக்கு 1080பி, 30 ஃபிரேம். பேட்டரி ரொம்பத் தேய்ந்த போனென்றால் 720பி. சின்னத் திரையில் பார்க்கும் அம்மாவுக்கு இரண்டுக்கும் பெரிய பேதம் தெரியாது.

தேய்ந்த பேட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை. 20 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே போன் பொத்தென்று அணைந்துபோவதைப் பலரும் கண்டிருப்பார்கள். மீட்டர் பொய் சொல்வதாகத் தோன்றும். வயதான பேட்டரிக்குள் தடை கூடியிருக்கும். மெதுவாக இழுத்தால் கொடுக்கும். 4கேபோல ஒரேயடியாக இழுத்தால் அழுத்தம் சட்டென்று சரிந்து, போன் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். பாரம் குறைந்த செட்டிங்கில் அதே 20 சதவீதம் இன்னும் கொஞ்ச நேரம் உழைக்கும். தண்ணீர் புகாத பைக்குள் போனைப் போட்டு ஆற்றில் இறங்குபவர்களுக்கும் இதை ஒட்டிய தொல்லை ஒன்றுண்டு. உள்ளே பிறக்கும் சூடு வெளியேற வழியில்லை. சூடு கூடினால் போன் முதலில் வேகத்தைக் குறைக்கும், அப்புறம் கமராவையே மூடிவிடும்.

திரையைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. இருட்டில் முழு வெளிச்சம் வேண்டியதில்லை; மூன்றில் ஒரு பங்குக்கு இறக்கினால் செலவும் குறையும், பின்னால் உட்கார்ந்திருக்கும் கிழவிகளின் கண்ணும் கூசாது.

இனி எச்.265க்கு வருவோம். படம்பிடிக்கும்போது சார்ஜை அதிகம் மிச்சம் பிடிக்காத அது, அனுப்பும்போது பிடிக்கிறது. கித்துல்கல போன்ற பள்ளத்தாக்கில் இது பெரிய விஷயம். கோபுரம் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. சிக்னல் ஒரு கோடு வரும், போகும். 4ஜி போன் ஒன்று அலையாக வெளியே வீசக்கூடிய உச்ச ஆற்றல் 200 மில்லிவாட்தான். ஆனால் அதை வீசும் பெருக்கி பேட்டரியிலிருந்து அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். கோபுரம் பக்கத்திலிருந்தால் போன் கிசுகிசுத்தாலே போதும். தூரத்திலிருந்தால் தொண்டை கிழியக் கத்த வேண்டும். லயத்து வாசலில் நின்று அனுப்புகிற போன் பெரும்பாலும் கத்திக்கொண்டுதான் இருக்கிறது.

மேலேற்றும் வேகம் வினாடிக்கு 2 மெகாபிட் கிடைக்கிறதென்று வைத்துக்கொள்வோம். எச்.265இல் எடுத்த ஒரு நிமிட 1080பி படம் 60 மெகாபைட், அதாவது 480 மெகாபிட். அனுப்ப நான்கு நிமிடம். அதுவே எச்.264 என்றால் 130 மெகாபைட். எட்டு நிமிடம் நாற்பது வினாடி. 4கே, 60 ஃபிரேமில் எடுத்திருந்தால் எச்.265இலேயே நிமிடத்துக்கு 400 மெகாபைட் அளவு. இருபத்தாறு நிமிடம் நாற்பது வினாடி. ஒரு நிமிடக் கூத்துக்குப் போன் ஏறத்தாழ அரை மணி நேரம் கத்துகிறது. ரீலோட் போட்ட டேட்டாவும் அதோடு போய்விடும்.

வாட்ஸ்அப்பில் வீடியோவாகவே அனுப்பினால், அது தன் பங்குக்குப் படத்தைப் பிரித்து, சிறிதாக்கி, மறுபடியும் சுருக்கித்தான் அனுப்பும். 4கேயில் எடுக்க ஒரு செலவு, அதைக் கலைக்க ஒரு செலவு, சின்னதாகத் திரும்பக் கட்ட இன்னொரு செலவு. அம்மாவின் கைக்குப் போவது கடைசியில் சின்னப் படம்தான். அனுப்புவதற்காகவே எடுக்கும் படத்தை, போய்ச் சேரும் அளவிலேயே எடுப்பதுதான் கெட்டித்தனம்.

எச்.265க்கு எதிராகச் சொல்ல எனக்கு ஒரே ஒரு காரணம் உண்டு. அது பார்ப்பவர் பக்கத்தில் இருக்கிறது. கோப்பை அப்படியே அனுப்பும்போது, வாங்குபவரின் போன் மிகப் பழையதாக இருந்து, எச்.265ஐ விரிக்கும் தனி மூலை அதன் சில்லில் இல்லாவிட்டால், பொது வேலைச் செயலி மூச்சுமுட்ட அதை விரிக்கும். படம் திக்கும், போன் சுடும். இங்கே மிச்சம் பிடித்த சார்ஜை அங்கே அவர் செலவழிக்கிறார். நாள் முழுவதும் அடுத்த வீட்டில் நின்று உழைத்துவிட்டு, ராத்திரி கிடைக்கும் அரை மணி நேரத்தில் மகனைப் பார்க்க உட்காரும் ஒருத்திக்கு அந்த வேதனை வரக்கூடாது. அம்மாவிடம் என்ன போன் இருக்கிறதென்று கேட்டேன். போன வருஷம் வாங்கியதாம். அப்படியானால் எச்.265 போடலாம்.

2022 மார்ச் கடைசியில் இலங்கையெங்கும் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தபோது, இந்தக் கணக்கெல்லாம் எல்லோருக்கும் தேவைப்பட்டது. கித்துல்கலவுக்குப் பக்கத்துப் பொல்பிட்டியவில் 1969 முதல் ஆற்றுநீரில் மின்சாரம் எடுக்கிறார்கள். ஆனாலும் அந்த மின்வெட்டு நாட்களில் ஆற்றோரத்து லயங்களிலும் மெழுகுதிரிதான் எரிந்தது. போனைச் சதவீதம் பார்த்துப் பேசும் பழக்கம் அப்போதிலிருந்து பலருக்கும் விடவில்லை.

பொட்டலுக்குத் திரும்புவோம். பிள்ளையின் போனில் 1080பி, 30 ஃபிரேம், எச்.265 என்று வைத்தோம். ஃபிளைட் மோட் போட்டோம். இல்லாவிட்டால் அந்த ஒரு கோடு சிக்னலைத் தேடியே சார்ஜ் கரையும். திரை வெளிச்சத்தை இறக்கினோம். எதை எடுப்பது, எதை விடுவது என்று அவளே முடிவு செய்தாள்: ரதி மதன் கலியாணம், தூதன் ஓலை கொண்டுவருவது, காமன் எரிப்பு, அதன்பின் ரதி புலம்பல்.

இடையில் என்ன செய்வதென்று கேட்டாள். அதற்கு ஒரு வழி இருந்தது. குரல் பதிவை மட்டும் ஓடவிட்டுத் திரையை அணைத்து மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். வினாடிக்கு 128 கிலோபிட் வேகத்தில் ஒலி நிமிடத்துக்கு ஒரு மெகாபைட்கூட வராது. கமராவின் கண் தூங்குகிறது, திரை தூங்குகிறது, சுருக்கும் மூலை தூங்குகிறது. விழித்திருப்பது ஒலிவாங்கி மட்டும். எட்டு மணித்தியாலத் தப்பும் பாட்டும் 460 மெகாபைட்டில் அடங்கிவிடும்.

காமன் எரிந்து, ரதியின் புலம்பலும் அடங்கியபோது கிழக்கு வெளுத்திருந்தது. போனில் 11 சதவீதம். அவள் தம்பி சாயம் கலையாத முகத்தோடு கல்லில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தான். இருவருமாக ரோட்டோரத்து வளைவுக்கு ஏறிப்போய், சிக்னல் மூன்று கோடு காட்டும் இடத்தில் நின்று, நாலு துண்டு வீடியோவையும் ஒரு ஒலித் துண்டையும் அனுப்பினார்கள். அம்மா முதலில் திறந்தது ஒலித் துண்டை. கொஞ்ச நேரத்தில் குரல் செய்தி வந்தது: "தப்புச் சத்தம் மட்டும் போதும் மகள், இத இன்னும் கொஞ்சம் அனுப்பு."